பெத்ரோனா விழுந்துவிட்டாள்

"ருமில்தா! உன் கொமாத்ரே விழுந்து கெடக்கா, ஓடி வா!"

தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள் பக்கத்து வீட்டு சிக்ஸ்தா. பச்சிலைக் கடையில் உரலை மடியோடு அணைத்து இலை இடித்துக்கொண்டிருந்த ருமில்தா, உலக்கையை எங்கே போட்டோம் என்றுகூடத் தெரியாமல் எழுந்து ஓடினாள். எழுந்த வேகத்தில் கண் ஒரு கணம் இருட்டியது. ஜனவரிதான் உச்சக் கோடையான அசுன்சியோனின் வெயிலில் யாருக்குத்தான் கண் இருட்டாது என்று கம்பத்தைப் பிடித்து நின்றுவிட்டு மறுபடி ஓடினாள்.

பெத்ரோனா கொல்லைமுற்றத்தில், தான் படுக்கும் தூளிக்குப் பக்கத்தில், செங்கல் தரையில் கிடந்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் அவளுடையது மாதிரியே இல்லை. ருமில்தா அதைத் தொடக் குனிந்தாள். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"தொடாத கொமாத்ரே, தொடாத" என்றாள் பெத்ரோனா பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணுமில்ல. எந்திரிச்சேன். தரை காணாமப் போச்சு."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மளிகைக்கடை அர்செனியோ கல்லாவைக்கூடப் பூட்டாமல் வந்து நின்றார். "பெத்ரோனாவா? தலையில மூணு பாட்டில வச்சுக்கிட்டு சுத்துற பெத்ரோனாவா விழுந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரிந்தும் ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெத்ரோனாவுக்குச் சறுக்கும் என்று அந்தத் தெரு ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் கல்பாவிய தெருவில் இரண்டு கையிலும் வாளியோடு, இடுப்பில் ஒரு வெண்ணிறக் கோழியை இடுக்கிக்கொண்டு நடக்கிறவள். வாளியிலிருந்து ஒரு துளி சிந்தாது. எல்லோரும் அதிர்ந்து நின்றார்கள். ருமில்தாவின் அதிர்ச்சி மட்டும் வேறு மாதிரியானது. இது முதல் தடவை இல்லை என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பெத்ரோனாவின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மீன்முள்ளிலிருந்து தொடங்க வேண்டும். அவள் மகன் டெர்லிஸ் நடக்கப் பழகிய வயதில் ஆற்றுமீன் குழம்பில் கிடந்த முள் ஒன்று அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பிள்ளை நீலம் பாரித்துவிட்டான். புருஷன் ஆற்றைத் தாண்டி அர்ஜென்டினாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட காலம் அது. வீட்டில் ஆள் இல்லை. தொண்டைக்குக் காவலான சான் பிளாஸ் புனிதரை நோக்கி அவள் கத்தினாள்: "என் புள்ளைய விட்ரு. என் கால் என்னைத் தாங்குற வரைக்கும் வருஷா வருஷம் உன் திருநாள்ல பாட்டில் வச்சு ஆடுறேன்." முள் வெளியே வந்தது. புனிதரால் வந்ததா, ருமில்தா முதுகில் விட்ட அறையால் வந்ததா என்று அந்த இரண்டு பேருக்குள் இன்றுவரை வழக்கு தீரவில்லை. அன்றைக்கு அறைந்ததற்குக் கூலியாகத்தான் ருமில்தா பிள்ளைக்கு ஞானத்தாய் ஆனாள். அதிலிருந்து இவள் அவளுக்கு கொமாத்ரே, அவள் இவளுக்கு கொமாத்ரே.

நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தான். ஒவ்வொரு பிப்ரவரி மூன்றாம் தேதியும் பெத்ரோனா பூவேலை செய்த வெள்ளைச் சட்டையும் அகலப் பாவாடையும் உடுத்தி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் பாட்டில் வைத்து, பாட்டில்மேல் பாட்டில் வைத்து, பேண்டு வாத்தியம் முழங்க ஆடினாள். இளம்பெண்களின் பாட்டில்கள் சரிந்து உடைந்ததுண்டு. இவளுடையது உடைந்ததில்லை. டெர்லிஸ் வளர்ந்து புவெனோஸ் அயர்ஸில் கொத்தனார் ஆகி, அவனுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இவள் ஆட்டத்தை விடவில்லை. தான் ஆடாத வருஷம் சாரத்திலிருந்து அவன் விழுவான் என்று உறுதியாக நம்பினாள்.

டாக்டரை அவள் கடைசியாகப் பார்த்தது டெர்லிஸ் பிறந்தபோது. "டாக்டர்கிட்ட போனவ எவளாவது வெறுங்கையோட திரும்பி வந்திருக்காளா? ஒரு வியாதிய வாங்கிக்கிட்டுத்தானே வர்றா" என்பாள். தெருவே சிரிக்கும். அந்தத் தெருவில் டாக்டருக்கு என்ன வேலை? காலையில் ருமில்தாவின் கடைக்குப் போய் நாக்கை நீட்டிக் குறையைச் சொன்னால், அவள் இலையும் வேரும் இடித்துக் கொடுப்பாள். அதைப் பனிக்கட்டித் தண்ணீர்க் கூஜாவில் போட்டு, மாட்டுக்கொம்புக் குவளையில் மாதே இலைத் தூள்மேல் ஊற்றி, தகரக் குழலால் உறிஞ்சிவிட்டால் தெரெரே ஆயிற்று, தாகமும் தீர்ந்தது, வைத்தியமும் முடிந்தது. பெத்ரோனாவும் ருமில்தாவும் தினமும் காலையில் ஒரே கூஜா, ஒரே குவளை, ஒரே குழல். "நன்றி" என்று சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். கூஜா காலியாகும்வரை அந்த இருவரில் ஒருத்தியும் நன்றி சொன்னதில்லை.

போன ஆகஸ்டில்தான் முதல் தடவை விழுந்தாள், துணி துவைக்கும் தொட்டியண்டை. "கோழி காலுக்குள்ள பூந்துச்சு" என்றாள். அப்புறம் கொல்லைக் கோடியிலுள்ள கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தாள். அப்போது கோழியின் மேல் பழி போட முடியவில்லை. கோழிகள் அடைந்துவிட்டிருந்தன.

"பொம்பேரோதான் கால வாருறான்" என்றாள் பெத்ரோனா. பொம்பேரோ என்பவன் கொல்லைகளில் திரியும் குட்டையன், மயிரடர்ந்த காலன். மரியாதை கொடுக்காவிட்டால் தொல்லை கொடுப்பவன். "அவனுக்கு சுருட்டு வச்சே எத்தனையோ நாளாச்சு, கோவிச்சுக்கிட்டான்."

அன்று முதல் மதிலோரம் ஒரு சுருட்டும் ஒரு கிளாஸ் கரும்புச் சாராயமும் வைத்தாள். விடிந்தால் கிளாஸ் காலியாக இருந்தது. பொம்பேரோ குடித்தானோ, அர்செனியோ குடித்தாரோ, கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

மூன்றாவது தடவை ருமில்தாவின் கண்ணெதிரிலேயே நடந்தது. தூளியிலிருந்து எழுந்தாள், சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்படியே மடிந்து விழுந்தாள். ருமில்தா அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"கொமாத்ரே, இது கோழியும் இல்ல, குட்டையனும் இல்ல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருவோம்."

"காட்டினா என்ன சொல்லுவான்? வயசாச்சு கெழவி, பாட்டில இறக்கி வய்யின்னுவான். அப்புறம் என் புள்ள கதி? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சான் பிளாஸ் மேல சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"நீ அவனுக்கு ஞானத்தாய்தானே? பண்ணு."

ருமில்தா சத்தியம் பண்ணினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒரு புனிதரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். மனசாட்சி குத்தியதால் ருமில்தா தன்னால் முடிந்ததைச் செய்தாள். தலை சுற்றினால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம், இது அந்தத் தெருவின் வேதவாக்கு. ஆகவே அழுத்தத்தை இறக்கும் என்று பெயர்பெற்ற பெர்துதில்லாவை இடித்துக் காலைக் கூஜாவில் போட்டாள். கால் வீங்குகிறதே என்று நீரைப் பிரிக்கும் குதிரைவால் செடியையும் சேர்த்தாள். தலைசுற்றல் கூடியது. அழுத்தம் அடங்க மறுக்கிறது என்று கைப்பிடியைப் பெரிதாக்கினாள். அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ருமில்தா அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பெத்ரோனா அவள் கையை விடவில்லை. "சத்தியம், கொமாத்ரே, சத்தியம்" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது நோயேலியா என்ற இளம் டாக்டர். தூங்கி நாளான முகம், ஆனால் குவாரனி மொழியில் கிராமத்துப் பெண் மாதிரி பேசினாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அறுவை செய்து உலோகத் தண்டு வைக்க வேண்டும் என்றாள். பிறகு கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தாள். முகம் சுருங்கியது. மறுபடி பார்த்தாள்.

"இவ்ளோ கீழயா? பாட்டிம்மா, பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல. மாத்திரையே முழுங்க மாட்டேன். என் புள்ளைக்கு அப்படி ஆனதுலேருந்து எனக்குத் தொண்டைல எதுவும் எறங்காது."

"தூங்கறதுக்கு?"

"எதுவும் முழுங்கறதில்லேன்னு சொல்றேனே."

டாக்டர் வெளியே வந்தாள். நடையில் ருமில்தா, சிக்ஸ்தா, அர்செனியோ மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "உங்கள்ல யாருக்காவது தெரியுமா? இவங்க என்னதான் சாப்பிடறாங்க? படுத்திருக்கும்போதே பிரஷர் தரைல கெடக்கு. எந்திரிச்சா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். தலைக்கு ரத்தமே போகாது. வெளக்கணைச்ச மாதிரி விழுவாங்க."

"கீழயா? ஏறித்தானே போயிருக்கணும்?" என்றாள் ருமில்தா. கேட்கும்போதே அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஏறினாலும் தலை சுத்தலாம், எறங்கினாலும் சுத்தும். அளந்தாத்தானே தெரியும்? யாரு அளந்தா?"

யாரும் அளக்கவில்லை. சிக்ஸ்தா கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் முதலில் உடைந்தாள்.

"என் வீட்டுக்காரரு செத்தப்ப அவரு பிரஷர் மாத்திரை நெறைய மிச்சம் கெடந்துச்சு டாக்டரம்மா. தூக்கிப் போட மனசு வரல. நல்ல மாத்திரை, வெலை ஒசந்த மாத்திரை. தலை சுத்துதுன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொன்னா, குடுத்தேன். தெனம் ஒண்ணு."

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். அர்செனியோ பக்கம் திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"தூக்கம் வரலேன்னு கேட்டுச்சும்மா. கடைல உதிரியா ஒரு தூக்க மாத்திரை விக்கிறேன். எல்லாருக்கும் குடுக்கறதுதான். காசுகூட வாங்கல நான்."

"நீங்க?"

ருமில்தா இலைகளின் பெயரைச் சொன்னாள். கைப்பிடியைப் பெரிதாக்கியதையும் சொன்னாள். சத்தியத்தையும் மீறி, இதற்கு முன் விழுந்த கதைகளையும் சொல்லிவிட்டாள். சிக்ஸ்தா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடியே விழுந்தாளா? உனக்குத் தெரியுமா?" என்று அர்செனியோ கத்தினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். மூவருமே அவள்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். அந்தப் பாசத்தில் ஆளுக்கொரு கை போட்டுத்தான் அவளைத் தள்ளியிருக்கிறார்கள்.

"ஆனா முழுங்கறதில்லேன்னு அடிச்சுச் சொல்றாங்களே" என்று டாக்டர் உள்ளே போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

"நான் பொய் சொல்லல. முழுங்கல" என்றாள் பெத்ரோனா. "தூக்க மாத்திரைய ராத்திரி டீயில கரைச்சுக்குவேன். சிக்ஸ்தா குடுத்தத நுணுக்கிக் கூஜாவுல போட்டுருவேன்."

"எந்தக் கூஜாவுல?" என்றாள் ருமில்தா.

"நம்ம கூஜாவுலதான் கொமாத்ரே. வேற எந்தக் கூஜா இருக்கு?"

ருமில்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் வேர்மூட்டைகளுக்கு நடுவே தான் ஒருநாள் விழுந்தது ஞாபகம் வந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள். குளிக்கும்போது விழுந்து முழங்கை கறுத்துப்போனது ஞாபகம் வந்தது. சோப்பு என்று சொல்லிக்கொண்டாள். தெரிந்தால் மகள் கடையை மூடச் சொல்லுவாள் என்று நீளக்கை சட்டை போட்டு மறைத்தாள். இன்று காலையில்கூடக் கம்பத்தைப் பிடித்துத்தான் நின்றாள்.

"உக்காருங்க" என்று டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டினாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அளந்தாள். நிற்கும்போது எண் சரசரவென்று இறங்கியதை டாக்டரின் முகமே சொல்லிவிட்டது. "எலை பாதி, மாத்திரை பாதி, மிச்சத்துக்கு வெயில். நீங்க எத்தனை தடவ விழுந்தீங்க?"

ருமில்தா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு தடவ."

"நீயுமா?" பெத்ரோனா வலியையும் மறந்து தலையைத் தூக்கினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"நீ விழுந்தத மறைக்க நான் சத்தியம் பண்ணேன். நான் விழுந்தத மறைக்க எனக்கு யாரு பண்ணுவா? ஏன்டி, நான் குடிக்கிற தண்ணியில மருந்தப் போட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"உனக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன். அழுத்தம் யாருக்குத்தான் இல்ல?"

வேறொரு நாளாக இருந்தால் ருமில்தா சிரித்திருப்பாள். அன்றைக்குக் கோபம் வந்தது, தன்மேலா அவள்மேலா என்று பிரிக்க முடியாத கோபம். நாள்தோறும் சிரித்துச் சிரித்துக் குழலைக் கைமாற்றியபடி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் பெத்ரோனாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வலது கண்ணில் புரை முற்றிக் கிடந்தது. "எத்தனை வருஷமா இந்தக் கண் தெரியல?" என்று கேட்டதற்கு, "இன்னொண்ணுதான் இருக்கே" என்றாள் பெத்ரோனா. சந்தையில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுப் பார்த்த டாக்டர் தானே தடுமாறினாள். தேய்ந்து வழவழத்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தும் இதில் ஒன்றுகூடத் தன் கண்ணில் படவில்லையே என்று ருமில்தாவால் தாங்க முடியவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. டெர்லிஸ் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். நடையில் டாக்டரிடம் அவன் கேட்டதை ருமில்தாவும் கேட்டாள்.

"அம்மா நடப்பாங்களா?"

"நடப்பாங்க. கம்பிச் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் கைத்தடியோட."

"பாட்டில் வச்சு ஆடறது?"

டாக்டர் தலையை அசைத்தாள். "பாட்டில் வச்சு ஆடற ஆட்டம் இனிமே முடியாதுங்க."

டெர்லிஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். திருநாளுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. உள்ளே போனபோது பெத்ரோனா அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "சாரத்துல ஏறாதடா. இந்த வருஷம் மட்டும் ஏறாத. நான் ஆடல. உனக்கு ஏதாவது ஆயிரும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அந்த முள்ளே எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் பெத்ரோனா.

அப்போது டாக்டர் காயத்தைப் பார்க்க வந்தாள். பெத்ரோனா அவளை முறைத்தாள். எலும்பு முறிந்தபோதும் அழாத கண்ணில் இப்போது நீர் கட்டியிருந்தது.

"இப்ப உங்களுக்கு சந்தோஷமா? ஆடாதேன்னு சொல்லணும், அதானே உங்களுக்கு. அதுக்குப் பயந்துதான் நான் வரவே இல்ல. விழுந்தப்பவும் வரல. இந்தப் பாவிய சத்தியம் பண்ண வச்சு வாயக் கட்டினேன். கடைசில நீங்கதான் ஜெயிச்சீங்க."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. "யாரு ஆடாதேன்னு சொன்னா?"

"நீங்க சொல்லியிருப்பீங்க. ஆகஸ்டுல வந்திருந்தா சொல்லியிருப்பீங்க."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆகஸ்டுல வந்திருந்தா அந்த மாத்திரைங்கள நிறுத்தச் சொல்லியிருப்பேன். எலையக் கொறைக்கச் சொல்லியிருப்பேன். கண்ணுக்கு ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்திருப்பேன். ஒரு நல்ல செருப்பு வாங்கச் சொல்லியிருப்பேன். ஆட்டத்த நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன் பாட்டிம்மா. கண்ணு போயி, இவ்ளோ மருந்து உள்ள போயும், அந்த ஆட்டம் ஏத்தின வலுவுலதான் நீங்க இத்தனை மாசம் நின்னுருக்கீங்க. ஆடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

ருமில்தா கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

பெத்ரோனா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுன்னா?"

"ஆடுங்கன்னுதான்."

"பாட்டில் வச்சா?"

"பாட்டில் வச்சு."

பெத்ரோனா வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஓர் ஓலத்தை ருமில்தா அவளிடமிருந்து இதற்கு முன் ஒரே தடவைதான் கேட்டிருக்கிறாள், பிள்ளை நீலம் பாரித்த அன்று. டெர்லிஸ் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த பெண்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.